ஹாலில் வைக்கும் கம்ப்யூட்டருக்கு எதற்குப் பெரிய பிராசஸர்?

சில ஆயிரம் ரூபாய்க்கு ஒரு ஸ்டிக் வாங்கி டிவியின் முதுகில் செருகினால் நெட்ஃபிளிக்ஸ், யூடியூப், பிரைம் எல்லாம் வந்துவிடுகின்றன. அப்புறம் எதற்குத் தனியாக ஒரு கம்ப்யூட்டர்? ஹோம் தியேட்டர் கம்ப்யூட்டர் கட்டப்போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் முதலில் இதைத்தான் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஓடிடி மட்டும் பார்க்கிறவர் என்றால் பதிலும் சுலபம்: வேண்டாம், ஸ்டிக்கே போதும்.

சொந்தமாக ஃபைல் சேர்த்து வைத்திருப்பவருக்குத்தான் இந்தப் பெட்டி. இருபது வருஷத்துக்கு முந்தைய கல்யாண டிவிடி, சிடிகளிலிருந்து ஃப்ளாக்காக ஏற்றி வைத்த இளையராஜா, காசு கொடுத்து வாங்கிய ப்ளூ ரே டிஸ்க், கேமராவிலும் போனிலுமாகக் குவிந்துபோன குடும்ப வீடியோ. இவற்றில் சிலதை ஒரு பென்டிரைவில் போட்டு டிவியிலேயே ஓட்டிப் பாருங்கள். சிலதில் படம் ஓடும், சத்தம் வராது. ஃபைலில் இருப்பது டிடிஎஸ் ஒலியாக இருக்கும்; சாம்சங் தன் டிவிகளில் 2018லிருந்து டிடிஎஸ்ஸைக் கைவிட்டுவிட்டது, எல்ஜி 2020ல் விட்டுவிட்டு 2023ல் சில மாடல்களில் திரும்பச் சேர்த்தது. கல்யாண வீடியோவைப் போட்டால், மணமேடையைச் சுற்றி வருகிறவர்களின் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகப் பிரியும். அந்தக் காலத்து வீடியோ கேமராக்கள் ஒவ்வொரு ஃப்ரேமையும் இரண்டு பாதியாக, ஒற்றை வரிகள் தனி, இரட்டை வரிகள் தனி என்று பதிவு செய்தவை. அந்தப் பாதிகளை ஒழுங்காகச் சேர்க்கும் வேலையைப் பல டிவிகளின் யுஎஸ்பி பிளேயர் ஏனோதானோ என்றுதான் செய்கிறது. இங்கேதான் ஒரு முழு கம்ப்யூட்டருக்கு வேலை வருகிறது.

கட்டுவது என்று முடிவானதும் எல்லோரும் பிராசஸரிலிருந்துதான் தொடங்குகிறார்கள். சென்னை ரிச்சி தெருக் கடைகளிலும் முதல் கேள்வி "ஐ5ஆ, ஐ7ஆ சார்?" என்பதுதான். கேம் ஆடும் பெட்டிக்கு அது சரி. படம் பார்க்கும் பெட்டிக்கு வரிசை தலைகீழ். முதலில் டிவியும் ஸ்பீக்கரும், அடுத்து அவற்றுக்குப் போகும் வயர், அப்புறம் சத்தம், சூடு, ரிமோட். பிராசஸர் கடைசி. காசும் அந்த வரிசையில்தான் போக வேண்டும்.

ஸ்பீக்கரிலிருந்து ஆரம்பிப்போம். டிவியின் ஏஆர்சி துளையில் ஒரு சவுண்ட்பார் மாட்டியிருக்கிறது என்றால், அதன் வழியே டால்பி டிஜிட்டல் பிளஸ் வரைதான் போகும். ஓடிடியில் வரும் அட்மாஸ் அதற்குள் அடங்கிவிடும். ப்ளூ ரேயில் இருக்கும் ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ ஆகிய இரண்டும் தரம் துளியும் குறையாத ஒலிகள். அவை போக ஏஆர்சியின் புதிய வடிவமான இஏஆர்சி வேண்டும். பழைய ஆப்டிகல் வயர் என்றால் டால்பி டிஜிட்டலும் சாதா டிடிஎஸ்ஸும்தான், அதற்கு மேல் ஏறாது. தனியாக ஏவி ரிசீவர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கே வேண்டாம்: கம்ப்யூட்டரை நேராக ரிசீவரில் செருகிவிட்டு, அங்கிருந்து டிவிக்கு ஒரு வயர். ரிசீவர் பழையதாக இருந்து 4கே எச்டிஆர் படத்தைக் கடத்த மறுத்தால்தான் தலைவலி. அப்போது டிவி வழியாகச் சுற்றி வர வேண்டும். அந்த டிவி டிடிஎஸ்ஸைக் கடத்தாத வகை என்றால் அங்கேயும் அடைப்பு. ஆகவே ரிசீவரின் கையேட்டைத் தேடி எடுத்து, எந்தத் துளை எதைக் கடத்தும் என்று பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும்.

எச்டிஎம்ஐ 2.0 போதுமா, 2.1 வேண்டுமா என்ற பட்டிமன்றம் ஒன்று எப்போதும் நடந்துகொண்டிருக்கிறது. முன்னது நொடிக்கு 18 கிகாபிட் கடத்தும், பின்னது 48. 4கேயில் நொடிக்கு 120 ஃப்ரேமில் கேம் ஆட வேண்டும் என்றால் 2.1 தவிர வழியில்லை. சினிமாவோ நொடிக்கு 24 ஃப்ரேம். 4கே அளவு, 10 பிட் நிறம், 24 ஃப்ரேம், இவ்வளவும் 18க்குள் தாராளமாக அடங்கிவிடுகின்றன. 60 ஹெர்ட்ஸில்தான் 10 பிட் நிறத்தை முழுசாக அனுப்ப இடம் போதாது. நிறத் தகவலைக் கொஞ்சம் குறைத்து அனுப்பும். படத்தில் அந்த வித்தியாசத்தை என் கண் பிடிக்கவில்லை, கம்ப்யூட்டரின் சின்ன எழுத்துகளின் ஓரத்தில் பிடித்தது. சினிமாவுக்கு 2.0 போதும் என்பதே என் கட்சி. வயரில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. புரொஜெக்டருக்காகச் சுவருக்குள் பத்து மீட்டர் இழுக்கிறவர்கள் சாதா செம்பு வயரைப் புதைத்துவிட வேண்டாம், அந்தத் தூரத்துக்கு ஆப்டிகல் எச்டிஎம்ஐதான் நம்பகம். எலக்ட்ரீஷியனிடம் சொல்லிப் பைப்பையும் ஒரு சைஸ் பெரிதாகப் போடச் சொல்லுங்கள். வயரின் தலை உள்ளே நுழைய வேண்டுமே.

இப்போது சிப். ஒரு 4கே படத்தை விரிக்கும் வேலையைப் பிராசஸரின் கோர்கள் செய்வதில்லை. அதே சிப்பில் அதற்கென்றே செதுக்கிய ஒரு சின்னப் பகுதி செய்கிறது. அந்தப் பகுதிக்கு எந்தெந்த வீடியோ வடிவம் தெரியும் என்பது மட்டும்தான் நம் கேள்வி. எச்.264, எச்இவிசி, விபி9 மூன்றும் இன்று பெரும்பாலான சிப்புகளுக்குத் தெரியும். சிக்கல் ஏவி1ல். 2018ல் வெளியான, உரிமைத்தொகை இல்லாத வடிவம் அது. யூடியூபும் நெட்ஃபிளிக்ஸும் அதன் பக்கம் சாய்ந்துகொண்டிருக்கின்றன. இன்டெல் டெஸ்க்டாப்பில் 11ஆம் தலைமுறையிலிருந்துதான் இதை விரிக்கும் வசதி வந்தது. ஆறு கோர் கொண்ட ரைசன் 5600ஜி, 2021ல் வந்தது, இன்றும் நல்ல விலைக்குக் கிடைக்கிறது, கடைக்காரர் ஆசையாக எடுத்து நீட்டுவார். அதன் கிராபிக்ஸுக்கு ஏவி1 தெரியாது. 2022ல் வந்த ரேடியான் 6400, 6500 எக்ஸ்டி என்ற சின்ன கிராபிக்ஸ் கார்டுகளும் அப்படியே. காசு கொடுத்துத் தனி கார்டு வாங்கியும் இந்த ஒரு வேலைக்கு உதவாது. இன்னொரு கண்ணி, பெயர் எஃப் என்று முடியும் இன்டெல் பிராசஸர்கள். கொஞ்சம் விலை குறைவு, ஏனென்றால் உள்ளே கிராபிக்ஸே கிடையாது. போர்டில் எச்டிஎம்ஐ துளை இருக்கும், அதிலிருந்து படம் வராது.

இந்த நிலையில்தான் இன்டெல் என்100 ஒரு வரப்பிரசாதமாக வந்தது. 2023 தொடக்கத்தில் வெளியானது. நான்கு சின்ன கோர்கள், உச்சத்தில் 3.4 கிகாஹெர்ட்ஸ், கணக்கில் 6 வாட். எக்செல்லில் பெரிய ஷீட் திறந்தால் திணறுவது தெரியும், அதில் கேம் ஆடலாம் என்ற ஆசையே வேண்டாம். ஆனால் 4கே 10 பிட் எச்இவிசி, விபி9, ஏவி1 எல்லாவற்றையும் அலட்டிக்கொள்ளாமல் விரிக்கிறது; படம் ஓடும்போது கோர்கள் கிட்டத்தட்டச் சும்மாவே கிடக்கின்றன. இதன் தம்பியாக 2025ல் என்150 வந்திருக்கிறது. வேகம் 0.2 கிகாஹெர்ட்ஸ் கூடுதல், படம் பார்க்கிறவருக்கு எந்த வித்தியாசமும் இல்லை. எது மலிவோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

இந்தச் சிப்பைத் தனியாக வாங்க முடியாது, போர்டில் ஒட்டியே வரும். என் பெட்டியில் இருப்பது ஆஸ்ராக் என்100டிசி-ஐடிஎக்ஸ். 17 சென்டிமீட்டர் சதுரம், மேலே ஃபேன் இல்லாத அலுமினியக் கட்டி, எச்டிஎம்ஐ ஒன்று, டிஸ்ப்ளேபோர்ட் ஒன்று, எம்.2 ஒன்று, சாட்டா இரண்டு. இதை எடுத்ததற்குக் காரணம் பெயரில் இருக்கும் டிசிதான். பவர் சப்ளை என்ற பெரிய டப்பா கிடையாது, லேப்டாப் சார்ஜர் போல 19 வோல்ட் அடாப்டரை நேராகச் செருகலாம். இடம் மிச்சம், அந்த டப்பாவின் ஃபேன் சத்தமும் மிச்சம். ஆசஸ் பிரைம் என்100ஐ-டி டி4 இதற்கு நேர்ப் போட்டி. அதற்கு வழக்கமான 24 பின் பவர் சப்ளை வேண்டும், சாட்டாவும் ஒன்றுதான். ஹார்ட் டிஸ்க்கை உள்ளேயே வைக்கப்போகிறவர் இரண்டு சாட்டா உள்ளதை எடுப்பது நல்லது. ராமிலும் ஒரு வேறுபாடு: ஆஸ்ராக்கில் டெஸ்க்டாப் அளவு டிடிஆர்4 குச்சி, ஆசஸில் லேப்டாப் அளவு. வீட்டில் பழைய டெஸ்க்டாப் ராம் கிடந்தால் அதைப் பயன்படுத்திவிடலாம். இந்தச் சிப்புக்கு ராம் ஒற்றை வழிதான். 8 ஜிபி போதும், 16 போட்டால் படம் கூடுதல் அழகாகத் தெரியப்போவதில்லை.

நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். இதே என்100 சிப், ராம், எஸ்எஸ்டி எல்லாம் போட்டு உள்ளங்கை அளவு மினி பிசியாகவே கிடைக்கிறது. போர்டு, கேஸ், ராம், அடாப்டர் என்று தனித்தனியாக வாங்குவதைவிட அது பெரும்பாலும் மலிவு. அப்படியிருந்தும் ஏன் கட்டுவது? அந்தக் குட்டிப் பெட்டிக்குள் இருக்கும் குட்டி ஃபேன்தான் காரணம். சின்ன ஃபேன் அதே காற்றைத் தள்ள வேகமாகச் சுழல வேண்டும், வேகமாகச் சுழன்றால் கீச்சென்ற ஒரு குரல் எழும். பகலில் தெரியாது. இரவில் வசனமில்லாத காட்சி வரும்போது அந்தக் குரல்தான் ஹாலின் பின்னணி இசை. அது பொருட்டில்லை என்பவர் மினி பிசி வாங்கி டிவிக்குப் பின்னால் ஒட்டிவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

ஃபேனே இல்லாமல் விட்டால் சென்னை வெயில் என்ன செய்யும் என்பது அடுத்த கவலை. வெளிநாட்டு விமர்சனங்கள் 22 டிகிரி அறையில் சோதித்துவிட்டு நற்சான்று கொடுத்துவிடுகின்றன. நம் ஹாலில் மே மாதப் பிற்பகல் 35ஐத் தாண்டும். டிவி யூனிட்டின் கதவை மூடினால் உள்ளே இன்னும் கூடும். திறந்த தட்டில் வைத்து 4கே படம் ஓட்டியபோது சிப் 60 டிகிரியை ஒட்டி நின்றது. கதவை மூடியபோது 75ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. இந்த வகைச் சிப்புகள் 105 வரை தாங்குபவை, எரிந்துவிடாது. ஆனால் பக்கத்தில் இருக்கும் எஸ்எஸ்டிக்கும் அடாப்டருக்கும் அந்தச் சூடு நல்லதல்ல. என் தீர்வு, கேஸில் 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றை மாட்டி, பயாஸில் அதன் வேகத்தை ஆகக் குறைந்த அளவில் நிறுத்தியது. காதை ஒட்டி வைத்தால்தான் கேட்கிறது, சூடோ பத்து டிகிரிக்கு மேல் இறங்கியது. ஸ்ட்ரீகாம் போன்றவர்கள் கேஸையே ஹீட்சிங்காகச் செய்த அழகான அலுமினியப் பெட்டிகளை விற்கிறார்கள். பார்க்கக் கண் கொள்ளாது. இங்கே எளிதில் கிடைப்பதில்லை, வரவழைத்தால் போர்டின் விலையை விழுங்கிவிடும். கேஸ் தேர்வில் இன்னொன்று: முன்பக்கம் வலைபோட்ட, கழற்றிக் கழுவக்கூடிய ஃபில்டர் இருக்கட்டும். கடற்கரைப் பக்கம் வீடு என்றால் தூசியோடு உப்புக்காற்றும் சேரும்.

மின்சாரம் பற்றிக் கவலையே வேண்டாம். சும்மா இருக்கும்போது சுவர் மீட்டரில் 8 வாட் அளவு, படம் ஓடும்போது 15க்குள். 24 மணி நேரமும் 10 வாட் இழுப்பதாக வைத்தாலும் இரண்டு மாத பில்லுக்கு 14.4 யூனிட். சும்மா இருக்கும்போதே 50 வாட் குடிக்கும் பழைய டெஸ்க்டாப்பை ஹாலில் வைத்தால் அதே கணக்கில் 72 யூனிட். வீட்டு இணைப்புக்குக் கிடைக்கும் இலவச 100 யூனிட்டில் முக்கால்வாசியை அந்த ஒரு பெட்டியே தின்றுவிடும்.

எஸ்எஸ்டி 256 ஜிபி போதும், சிஸ்டத்துக்கு மட்டும்தானே. படங்கள் பெரிய ஹார்ட் டிஸ்க்கில். அந்த டிஸ்க்கை முடிந்தால் இந்தப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். 3.5 இஞ்ச் டிஸ்க் சுற்றும் அதிர்வு மர டிவி யூனிட்டில் ஏறி முனகும். வேறு அறையில் ஒரு பழைய கம்ப்யூட்டரிலோ நாஸ் பெட்டியிலோ வைத்து லேன் வயர் வழியாக ஓட்டலாம். வைஃபை என்றால் செங்கல் சுவர் இரண்டைத் தாண்டும்போது சிக்னல் மூச்சுவாங்கும். 4கே ப்ளூ ரேயின் ஓட்டம் உச்சத்தில் நொடிக்கு 128 மெகாபிட் வரை போகலாம். பல டிவிகளின் லேன் துளை இன்னும் 100 மெகாபிட்டில்தான் நிற்கிறது. டிவியின் சொந்த ஆப்பில் பெரிய ஃபைல்கள் நடுநடுவே நின்று சுழல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இந்தப் போர்டில் இருப்பது கிகாபிட், அந்தப் பிரச்சினை இல்லை.

டிவி டியூனர் கார்டு பற்றியும் சிலர் கேட்கிறார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆன்டெனாவில் வரும் சேனல்களைப் பதிவு செய்ய அது பயன்படும். நம் வீடுகளில் சேனல் வருவது டிடிஎச்சிலோ கேபிளிலோ, பூட்டோடு. கார்டு வாங்கி மாட்டினாலும் அந்தப் பூட்டு திறக்காது. விட்டுவிடலாம்.

ரிமோட்தான் இந்தப் பெட்டி வீட்டில் பிழைக்குமா என்பதைத் தீர்மானிக்கும். சோபாவில் உட்கார்ந்துகொண்டு கீபோர்டும் மவுஸும் தேடும் வீட்டில் இரண்டே வாரத்தில் எல்லோரும் பழைய செட்டாப் பாக்ஸுக்குத் திரும்பிவிடுவார்கள். ஸ்டிக்குகளிலும் ராஸ்பெரி பையிலும் இருக்கும் சிஇசி, அதாவது டிவி ரிமோட்டாலேயே எல்லாவற்றையும் இயக்கும் வசதி, சாதாரணக் கம்ப்யூட்டர் போர்டுகளின் எச்டிஎம்ஐயில் கிடையாது. பல்ஸ்-எய்ட் என்ற நிறுவனம் அதற்கென ஒரு யுஎஸ்பி அடாப்டர் செய்கிறது. நான் எடுத்தது ஃப்ளர்க் என்ற யுஎஸ்பி ரிசீவர். வீட்டில் கிடக்கும் எந்தப் பழைய ரிமோட்டின் பட்டன்களையும் அது கற்றுக்கொள்ளும். மூலையில் கிடந்த டிவிடி பிளேயர் ரிமோட்டுக்கு மறுவாழ்வு கிடைத்தது. மேல், கீழ், இடம், வலம், ஓகே, பின்செல், நிறுத்து: இவ்வளவுதான் வேண்டும்.

மென்பொருள், கோடி. 2000களின் தொடக்கத்தில் முதல் எக்ஸ்பாக்ஸுக்காக எழுதப்பட்டு எக்ஸ்பிஎம்சி என்ற பெயரில் வளர்ந்து, 2014ல் பெயர் மாற்றிக்கொண்டது. இலவசம். அதை விண்டோஸ் மேல் போடலாம், அல்லது கோடி மட்டுமே ஓடும் லிப்ரஎலெக் என்ற சின்ன லினக்ஸைப் போடலாம். நான் பின்னதையே சொல்வேன். பட்டனை அழுத்திச் சில நொடிகளில் நேராகப் பட அட்டவணை வந்து நிற்கிறது, நடுவில் அப்டேட் கேட்டு எந்த ஜன்னலும் முளைப்பதில்லை. நிறுவியதும் மாற்ற வேண்டியவை இரண்டு. டிஸ்ப்ளே ரிஃப்ரெஷ் ரேட்டைப் படத்துக்கேற்ப மாற்றும் அமைப்பை இயக்குங்கள். ஆடியோவில் பாஸ்த்ரூவை, அதாவது ஒலியைப் பிரிக்காமல் அப்படியே அனுப்பும் வசதியை, இயக்கி உங்கள் ரிசீவருக்குத் தெரிந்த வடிவங்களை டிக் செய்யுங்கள்.

முதலாவது ஏன் என்று கொஞ்சம் விளக்க வேண்டும். 24 ஃப்ரேம் படத்தை 60 ஹெர்ட்ஸ் திரையில் காட்டினால் ஒரு ஃப்ரேம் இரண்டு முறை, அடுத்தது மூன்று முறை என்று மாறி மாறி நிற்கும். கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சியில் அது தத்தித் தத்திப் போவதாகத் தெரியும். டிவியை 24 ஹெர்ட்ஸுக்கு மாற்றினால் வழுக்கிக்கொண்டு போகிறது. இன்னும் நுணுக்கமாகப் பார்த்தால் பெரும்பாலான டிஸ்க்குகளில் இருப்பது 24 அல்ல, 23.976. முந்தைய இன்டெல் சிப்புகள் சில இதைச் சரியாக அனுப்பாமல் நேர் 24ல் அனுப்பியதால், ஏறக்குறைய 40 நொடிக்கு ஒருமுறை படம் ஒரு சின்ன விக்கல் எடுக்கும். ஒரு காலத்தில் பெரிய சர்ச்சை அது. என்100ல் அந்த விக்கலை நான் காணவில்லை. கல்யாண வீடியோக்கள் இந்திய முறைப்படி நொடிக்கு 50 அரை ஃப்ரேம். அவற்றுக்குத் திரை தானாக 50 ஹெர்ட்ஸுக்குப் போய், சீப்புக் கோடுகள் மறைந்து, நாதஸ்வரக்காரரின் விரல்கள் இயல்பாக அசைகின்றன. இந்தப் பெட்டியின் உண்மையான வெற்றி 4கேயில் அல்ல, இந்தப் பழைய வீடியோக்களில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஃபைல் பெயரில் வருஷத்தைச் சேர்ப்பது முக்கியம். கோடி பெயரைப் பார்த்துத்தான் போஸ்டரையும் நடிகர் பட்டியலையும் இணையத்திலிருந்து எடுக்கிறது. வெறும் விக்ரம் என்று வைத்தால் 1986ஆ 2022ஆ என்று அதற்கு எப்படித் தெரியும்? இரண்டிலும் கமல்தான். பில்லாவுக்கும் 1980, 2007 என்று இதே கதை.

குறைகளும் உண்டு. டால்பி விஷன் இந்தப் பெட்டியில் டால்பி விஷனாக வராது. டிஸ்க்கிலிருந்து வந்தவை அடியில் இருக்கும் சாதா எச்டிஆராக ஓடிவிடும். அந்த அடித்தளம் இல்லாத வகை ஃபைல்களோ பச்சையும் ஊதாவுமாக வந்து நிற்கும். ஓடிடி இன்னும் மோசம். லினக்ஸ் பிரவுசரில் நெட்ஃபிளிக்ஸ் 4கே கிடையாது. விண்டோஸில் எட்ஜ் பிரவுசர், எச்இவிசி நீட்சி, எச்டிசிபி 2.2 உள்ள திரை எல்லாம் சேர்ந்தால்தான் வரும். இதைவிட வேடிக்கை 4கே ப்ளூ ரே டிஸ்க். அதைக் கம்ப்யூட்டரில் அதிகாரபூர்வமாக ஓட்ட இன்டெல்லின் எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு வசதி தேவைப்பட்டது; 11ஆம் தலைமுறையிலிருந்து இன்டெல்லே அதைச் சாதாரணப் பிராசஸர்களிலிருந்து நீக்கிவிட்டது. டிரைவும் டிஸ்க்கும் காசு கொடுத்து வாங்கியவருக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினால் படம் இல்லை. டிஸ்க்கை டிஸ்க்காகவே பார்க்க நினைப்பவர் தனி ப்ளூ ரே பிளேயர் வாங்குவதே உத்தமம்.

கடைசியாக மின்வெட்டு. இன்வெர்ட்டர் மாறும் அந்த ஒரு கணத்தில் சில நேரம் பெட்டி அணைந்துவிடும். லிப்ரஎலெக்கின் சிஸ்டம் பகுதி எழுத முடியாதபடி பூட்டப்பட்டிருப்பதால் திடீரென்று அணைந்தாலும் சிஸ்டம் கெடுவது அபூர்வம். பயாஸில் மின்சாரம் திரும்பியதும் தானாக இயங்கு என்ற அமைப்பையும் இயக்கிவிட்டால், ஃபேன் திரும்பச் சுற்றத் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே பட அட்டவணையும் திரைக்கு வந்துவிடும்.